சிஸ்டரின் ஒரே வரி

போட்டோக்காரி என்றுதான் அந்த நாடகக் குழுவில் அவளைக் கூப்பிட்டார்கள். பகலில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பது அவள் பிழைப்பு. "நேரா பாருங்க, சிரிக்காதீங்க, காது தெரியட்டும்" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டில் அண்ணியிடம்கூட அதே குரலில் பேச ஆரம்பித்திருந்தாள். "நான் சிரிக்கலம்மா, என் வாயே அப்படித்தான்" என்பாள் அண்ணி.

சிரிக்காத முகங்களாகவே பார்த்து அலுத்த கண்ணுக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது. சாயங்காலமானால் பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றக் கிளம்பிவிடுவாள். பேருந்துக் கண்ணாடியில் சாய்ந்திருக்கும் ஒரு நெற்றி, துணிக்கடைப் பொம்மைக்குச் சட்டை போட்டுவிட்டுக் காலரையும் சரிசெய்கிற ஒரு கை, மழை விட்ட நடைபாதையில் தலைகீழாக மிதக்கும் விளக்குகள். எதற்கென்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

அப்படிச் சுற்றிய ஒருநாள் ஒரு சாமான் கிடங்கின் மாடியிலிருந்து யாரோ விம்மி விம்மி அழும் சத்தம் கேட்டது. பதறிப்போய் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினாள். மேலே நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

"பயந்துட்டீங்களா? அப்ப நல்லாத்தான் அழறாங்க" என்றார், கையில் காகிதக் கட்டோடு நின்ற மனிதர். அவர்தான் இயக்குநர். தொழிலில் பல் டாக்டர். பல்லைப் பிடுங்குகிற மாதிரியே நடிகர்களிடமிருந்து வசனத்தையும் பிடுங்கி எடுப்பார் என்று பின்னால் தெரிந்துகொண்டாள். "கேமரா வேற வெச்சிருக்கீங்க. நோட்டீசுக்கு நாலு படம் எடுத்துக் குடுங்களேன்."

நாலு படம் எடுக்கப் போனவள் நாலு மாதம் போனாள்.

கதை சின்னதுதான். வீட்டைவிட்டுப் போன தம்பி திரும்பி வருவானா மாட்டானா என்று ஒரு குடும்பமே வாதாடிக்கொண்டிருக்கும். மூத்த அக்கா மட்டும் ஒன்றும் பேசாமல், முழு நாடகமும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் கதவு தட்டப்படும். எல்லோரும் திகைத்து நிற்க, அக்கா திரும்பி, "திறந்துதான் இருக்கு. உள்ள வா" என்பாள். அவ்வளவுதான் அவளுக்கு வசனம். தம்பியாக நடித்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அக்காவாக உட்கார்ந்தவர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்.

ஜன்னல் என்பது ஒரு மரச்சட்டமும், அதில் ஒட்டிய மெழுகுத்தாளும், தாளுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கும். அந்த வெளிச்சம் விழுந்தால் சிஸ்டரின் முகம் தண்ணீருக்கடியில் கிடக்கும் கூழாங்கல் மாதிரி ஆகிவிடும். கிடங்குத் தூசி அவரைச் சுற்றிப் பொன்துகளாக மிதக்கும். போட்டோக்காரி அந்த முகத்தையே திரும்பத் திரும்ப எடுத்தாள்.

"பாத்தீங்களா, இதுதான் நடிப்பு" என்று டாக்டர் மற்றவர்களிடம் கிசுகிசுப்பார். "மூச்சைக்கூட அடக்கி வெச்சிருக்காங்க. காத்திருக்கிறதுன்னா இதுதான்."

மூன்றாம் வாரம் லென்ஸைக் கிட்டக் கொண்டுபோனபோதுதான் போட்டோக்காரிக்கு விஷயம் புரிந்தது. சிஸ்டர் காத்திருக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். கோழித் தூக்கம்கூட இல்லை, அடித்துப் போட்டாற்போன்ற தூக்கம். முதுகு நிமிர்ந்து, கை மடியில் கிடக்க, முகம் மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி.

சிரிப்பை அடக்கிக்கொண்டு படத்தை எடுத்தாள். அந்தப் பழைய கேமராவின் சத்தம் ஊருக்கே கேட்கும். 'டப்' என்றதும் சிஸ்டர் கண்ணைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. "திறந்துதான் இருக்கு. உள்ள வா" என்றார், ஏதோ வெகுதூரத்திலிருந்து பேசுவது போல. டாக்டருக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

ஒத்திகை முடிந்து படியிறங்கும்போது சிஸ்டர் அவள் கையைப் பிடித்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே."

"தட்டற சத்தத்துக்கே எழுந்துடுவீங்கதானே அக்கா?"

"அதெல்லாம் காதுல ஏறாது. வார்டுல குழந்தை இருமினா எழுந்துடுவேன். கதவு தட்டினா காது கேட்காது. உன் கேமரா சத்தம்தான் புதுசா இருக்கு. தட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்துடு, என்ன?"

அன்றிலிருந்து அதுவே இருவருக்கும் ஒப்பந்தம் ஆகிவிட்டது.

நடிகர்கள் மேடைக்கு வெளியே எப்படி இருக்கிறார்கள் என்றும் எடுத்து, அரங்கின் முன்கூடத்தில் மாட்டலாம் என்று டாக்டர் சொன்னார். லிஃப்ட் மெக்கானிக்கை இரண்டு மாடிகளுக்கு நடுவே, இருட்டுக் குழியில் கயிறுகளோடு எடுத்தாள். சிஸ்டரோடு ஒருநாள் முழுக்கக் கூடவே இருந்தாள். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்ததும் சமையல், படுக்கையாய்க் கிடக்கும் மாமனாருக்குக் காலில் கட்டு மாற்றுவது, இரண்டு பெண்களின் சீருடையைத் தேய்ப்பது. கணவர் வெளியூர் வேலையிலிருந்து மாதம் ஒருமுறை வருபவர். நடுப்பகலில் சிஸ்டர் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடினார். பத்து நிமிஷத்தில் மாமனார் தண்ணீர் கேட்டார். அப்புறம் கேஸ் சிலிண்டர் வந்தது. அப்புறம் சின்னவள் பேனாவைக் காணோம் என்று பள்ளியிலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, நீங்க எப்பத்தான் தூங்குவீங்க?"

"அதான் பாக்கறியே" என்று சிரித்தார். "நாடகத்துல."

அதற்குப் பிறகு போட்டோக்காரிக்கு ஊரே வேறு மாதிரி தெரிந்தது. பேருந்தில் கண்மூடியவர்கள், சிவப்பு விளக்கில் ஸ்டியரிங்கின் மேல் தலை சாய்ப்பவர்கள், கடைக் கல்லாவில் கன்னத்தில் கைவைத்து வேறெங்கோ போய்விட்டவர்கள். பாதி ஊர் விழித்துக்கொண்டே தூங்குவது போல இருந்தது அவளுக்கு. மெதுவாக நடக்கத் தொடங்கினாள், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி.

முதல் காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அரங்கம் நிறைந்திருந்தது. கேமரா சத்தமே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். கெஞ்சிக் கூத்தாடி, மேடை ஓரத் திரைக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு படம் எடுக்க அனுமதி வாங்கியிருந்தாள்.

"மறந்துடாதே" என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். முந்தின இரவு வார்டில் இரண்டு குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல். கண்ணில் மணல் அள்ளிப் போட்டாற்போல் இருந்தது.

விளக்கு எரிந்தது. சிஸ்டர் தூங்கிப்போனார். குடும்பம் வாதாடியது, அழுதது. கடைசிக் கட்டம் வந்தது. போட்டோக்காரி கேமராவைக் கண்ணில் வைத்து விரலைப் பொத்தானில் பொருத்தினாள். லென்ஸுக்குள் அந்த முகம். உதடு லேசாகப் பிரிந்து, நெற்றிச் சுருக்கமெல்லாம் அழிந்து, யாருக்கும் அம்மாவாகவோ மருமகளாகவோ இல்லாத ஒரு முகம். அவளுக்கு மனசு வரவில்லை. விரல் அப்படியே நின்றது.

கதவு தட்டப்பட்டது. பதில் இல்லை. மறுபடி தட்டப்பட்டது. அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும். மேடையில் நின்றவர்கள் வியர்த்தார்கள். மூன்றாவது முறையும் தட்டிப் பார்த்துவிட்டு, மெக்கானிக் தானே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு நொடி சிஸ்டரைப் பார்த்தார். பழுதான லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவாரே, அந்த நிதானக் குரலில், "தூங்கட்டும்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டார். திரை விழுந்தது.

கைதட்டல் அடங்கவே இல்லை. அந்தச் சத்தத்தில்தான் சிஸ்டர் விழித்தார்.

ஒப்பனை அறையில் டாக்டர் தலைகால் புரியாமல் குதித்தார். "முன்வரிசையில மூணு பேர் அழுதாங்க! இனி இப்படியேதான்!" மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்தார். சிஸ்டர் மட்டும் நேரே போட்டோக்காரியிடம் வந்தார்.

"ஏன் எடுக்கல?"

"நீங்க அவ்வளவு நிம்மதியா..."

"நான் கேட்டேனா உன்னை?" குரல் உயரவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. "வீட்டுல, வார்டுல, நாள் பூரா மத்தவங்க கூப்பிட்டா ஓடறேன். நானா வாயைத் திறந்து, நாலு பேர் கேட்கற மாதிரி சொல்லணும்னு இருந்தது ஒரே ஒரு வரி. நாலு மாசமா அடுப்படியில சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கேன். என் மேல பரிதாபப்பட்டு அதைப் புடுங்கிட்டியே."

நல்லது செய்கிறோம் என்று நினைத்தது எவ்வளவு சுலபமாக வேறொன்றாகிவிட்டது. போட்டோக்காரிக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தூங்கும் முகம்தான். சொல்லக் காத்திருந்த ஒரு வாய் அதில் இருந்ததை அத்தனை படங்களிலும் அவள் பார்க்கவே இல்லை.

மறுநாளும் காட்சி இருந்தது. காலையிலேயே பல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி படுத்திருக்க, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"தூங்கினாங்களா? நெஜமாவா?" டாக்டர் கருவியோடு அப்படியே நின்றார். "அது நடிப்பு இல்லையா?"

"இல்ல டாக்டர். தப்பு என் மேல. அந்த வரியை அவங்களுக்கே திருப்பிக் குடுத்துடுங்க."

"நேத்து மாதிரி வராதும்மா."

"வரலைன்னா போகட்டும்."

நோயாளி ஏதோ சொல்ல முயன்றார். "நீங்க பேசாதீங்க" என்று டாக்டர் அவர் மேல் எரிந்து விழுந்தார். அப்புறம் பெருமூச்சு விட்டு, "சரி, பழைய மாதிரியே போகலாம்" என்றார்.

விஷயம் தெரிந்ததும் அன்றிரவுக்கு வார்டில் லீவு சொல்லிவிட்டார் சிஸ்டர். பெரியவள் பள்ளிக்குப் போகாமல் தாத்தாவைப் பார்த்துக்கொள்ள, அம்மா நாலு மணிநேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாராம். ஜன்னலோரத்தில் அன்று அவர் கண் இமைக்கக்கூட இல்லை. விழித்திருந்த முகம் அத்தனை அழகாக இல்லை. வியர்த்தது, எச்சில் விழுங்கியது, கை முந்தானையைப் பிசைந்தது. கதவு தட்டப்பட்டதும் திரும்பினார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "திறந்துதான் இருக்கு" என்றார். நிறுத்தினார். "உள்ள வா."

கைதட்டல் நேற்றைவிடக் குறைவுதான். வெளியே போகும்போது ஒருவர், "நேத்து முடிவு வேற மாதிரியாமே, அது இன்னும் நல்லா இருந்ததாம்" என்றது சிஸ்டர் காதில் விழுந்தது. அவர் பொருட்படுத்தவே இல்லை. முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"எடு இப்ப" என்றார் போட்டோக்காரியிடம். "நேரா பாக்கணுமா?"

"எப்படி வேணா பாருங்க அக்கா."

கோபம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. கொஞ்ச நாள் பேச்சில் ஒரு முள் இருந்தது. ஆனால் அடுத்த நாடகத்தில் சிஸ்டருக்கு நாற்பத்திரண்டு வரிகள் கிடைத்தபோது, பாடம் கேட்க ஆள் வேண்டும் என்று அவளைத்தான் தேடி வந்தார். இப்போது தினமும் சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்று வசனம் பேசுகிறார்கள். சிஸ்டர், சொத்தை ஏமாற்றி வாங்கிக்கொண்ட நாத்தனார். போட்டோக்காரி ஏமாந்த அண்ணி.

போன வாரம் பெட்டியோடு நின்ற ஒரு மனிதர் பொறுக்கமாட்டாமல் குறுக்கே வந்தார்.

"ஏம்மா, வீட்டுச் சண்டையை வீட்டுலயே வெச்சுக்கக் கூடாதா?"

"வீட்டுல எங்கங்க நேரம்?" என்றார் சிஸ்டர். "நீ சொல்லுடி, அடுத்தது உன் வரிதான்."