மூன்று தூர் கோரை

அருங்காட்சியகத்தின் மாடியில் அண்ணனுக்குப் பறவை அறை, தங்கைக்குச் செடி அறை. அண்ணனிடம் பூண்டோடு அற்றுப்போன ஓர் ஆந்தை, பஞ்சு திணித்த உடம்போடு நின்றது. 'இனம் கண்டறியச் சுடப்பட்டது' என்று அதன் காலில் ஒரு பண்டிதர் சீட்டுக் கட்டியிருந்தார்.

"படுபாவி! கண்டறிஞ்சு என்னத்தக் கிழிச்சான்?" என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தங்கை கரித்துக் கொட்டுவாள்.

அவள் உயிரே ஒரு கோரையில்தான் இருந்தது. பார்த்தால் புல் மாதிரி, ஆனால் புல் இல்லை. நாலு வருஷம் நாயாய் அலைந்து, சதுப்பு ஓரத்தில் மூன்றே மூன்று தூர் கண்டுபிடித்திருந்தாள். அங்கேயோ கால்வாய் வெட்டும் இயந்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாதுகாப்புப் பட்டியலில் கோரை ஏறினால்தான் வேலை நிற்கும். ஏற வேண்டுமானால் வேரும் பூவுமாக ஒரு தூரைப் பிடுங்கி, காயவைத்து, தாளில் ஒட்டி அனுப்ப வேண்டும். இந்த விதியைப் போட்ட புண்ணியவான் யாரோ!

"என் ஆந்தை போனது போனதுதான். உன் புல்லுக்காவது மூச்சு இருக்கு. பிடுங்காதம்மா," என்றான் அண்ணன்.

"ஒண்ணு போனா ரெண்டு இருக்குல்ல? வயித்தெரிச்சலக் கிளப்பாதண்ணா."

பூத்திருந்தது ஒரே தூர்தான். அதைத்தான் பிடுங்கி, காயவைத்து, ஒட்டி அனுப்பினாள்.

ஒன்றரை மாதம் கழித்து மற்ற இரண்டும் பூத்தன. சேற்றில் மண்டியிட்டு, லென்ஸை வைத்துப் பார்த்தாள். இரண்டும் சாக்கடை ஓரமெல்லாம் முளைக்கிற சாதாரணக் கோரை! பூக்கும்வரை இரண்டு வகையும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். அது அவளுக்குத் தெரியாததா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பிடுங்கிய குழியை விரலால் துழாவினாள். ஒரு வேர்த்துண்டுகூட விடாமல் அவ்வளவு பக்குவமாக எடுத்திருந்தாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். "கடைசி ஒண்ணையும் நானே கொன்னுட்டேண்ணா."



மறுநாள் உத்தரவு வந்தது. கோரை பட்டியலில் ஏறிவிட்டது. கால்வாய் வேலை நின்றது. கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் சதுப்புக்கு வந்தார்கள்.

"எதுங்க அந்தச் செடி? காட்டுங்க, சுத்தி வேலி போட்டுடறோம்."

உண்மையைச் சொன்னால் மதியமே இயந்திரம் இறங்கிவிடும். அவள் அந்த இரண்டு தூரையும் காட்டினாள்.

"இதுதான்," என்றாள். "பாத்து, மிதிச்சிடாதீங்க."