பதினோரு நிமிடச் சுற்று

“எங்கப்பாவை முன்வாசல் வழியாத்தான் கொண்டுபோகணும்” என்றாள்.

மேனேஜர் காபிக் கோப்பையும் கையுமாக வந்திருந்தார். அதை வைக்க ஓரிடம் தேடினார். சரக்கு இறக்கும் தளத்தில் மேசை ஏது? ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து அவற்றின்மேல் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். துணிக்கடையிலிருந்து யாரோ கொடுத்துப் போர்த்திய வெள்ளை விரிப்பில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அந்தச் சீட்டை உள்ளே மடித்து மடித்து விட்டாள். அது ஒவ்வொரு தடவையும் வெளியே வந்தது.

“இங்க பாரும்மா. இன்னிக்கு சனிக்கிழமை. மேல ரெண்டாயிரம் பேர் இருக்காங்க, சின்னக் குழந்தைங்க இருக்காங்க. எட்டரைக்கு மேல கூட்டம் கலைஞ்சிடும். பின்வாசலுக்கு வண்டி நானே சொல்லியிருக்கேன்.”

“இப்ப மணி அஞ்சு.”

“ஆமா.”

“எட்டரை வரைக்கும் அட்டை மேல கிடப்பாரா?”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். வாயை மூடு என்பதற்கு அவர்கள் வீட்டில் சொல் தேவைப்படாது. இந்தப் பார்வை போதும்.

அந்தக் கடை வளாகத்துக்குள் வந்து எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே அப்பா அவளை வளர்த்திருந்தார். தண்ணீர்கூட வீட்டுக்கு வந்து குடித்துக்கொள்ளலாம். முன்வாசல் பேச்சை எடுக்கவே கூடாது. வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பின்வாசல்தான். ஒன்பது வயதில், வயிற்றுவலி என்று பள்ளியிலிருந்து சீக்கிரம் அனுப்பிவிட்ட ஒரு நாள், அவள் கண்ணாடிக் கதவு வழியாக நேரே அப்பாவிடம் ஓடி வந்தாள். அப்பா முதலில் சிரித்தார். பிறகு மேலே கேமராவைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்து ஊழியர் படிக்கட்டில் நாற்பத்திரண்டு படி இறக்கி, பின்தெருவில் நிறுத்தி, காவலாளியிடம் புத்தகப் பையைச் சோதிக்கக் கொடுத்து, மறுபடி நாற்பத்திரண்டு படி ஏற்றி, அவள் முதலில் நின்ற அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். “இப்ப சரி” என்றார். அவள் அங்கேயே வாந்தி எடுத்தாள்.

மேனேஜர் காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். “ரூட்டு மேல எனக்கும் மரியாதை இருக்கும்மா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கில்ல. நானே பின்வாசல்லதான் வர்றேன், போறேன்.”

“அப்ப உங்களையும் ஒருநாள் அட்டையிலதான் போடுவாங்க.”

அவர் ஃபோன் அடித்ததைப் போல ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அப்பால் போனார்.

ரூட்டு என்பது அப்பாவுக்கு இங்கே விழுந்த பெயர். இந்த இடம் பஸ் ஷெட்டாக இருந்தபோது அப்பா பஸ் கழுவிக்கொண்டிருந்தார். ஷெட்டை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு நாலு மாடி எழுப்பினார்கள். ஷெட்டோடு போகாமல் நின்றுவிட்ட மூன்று பேருக்கு உள்ளே வேலை கிடைத்தது. அப்பா லிஃப்ட் இயக்கினார். அப்போது பஸ்ஸெல்லாம் பின்தெருவில்தான் நிற்கும். இப்போது சரக்கு இறக்கும் இந்தத் தளம்தான் அன்றைக்கு மக்கள் நுழைந்த இடம். நகரும் படிக்கட்டில் ஏறி இறங்குவதற்கென்றே குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒன்றும் வாங்க மாட்டார்கள். பிறகு மேம்பாலம் வந்தது. அதன் கால்கள் பின்தெருவில் இறங்கியதால் பஸ்களை எதிர்ப்பக்கத்து அகலச் சாலைக்கு மாற்றினார்கள். பஸ் போன பக்கம் கட்டடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அங்கே கண்ணாடி வைத்தார்கள், இங்கே குப்பைத்தொட்டி வைத்தார்கள்.

லிஃப்டில் ஆளில்லாமல் பொத்தான் வந்தபோது அப்பாவை முன்வாசலுக்கு உட்புறம் நிறுத்தினார்கள். நாற்காலி இல்லை. வெளியே போகிறவர்களுக்கு எந்த பஸ் எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டும். பாதை மாறும்போதெல்லாம் தன் விடுமுறை நாளில் அந்த பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவளையும் கூட்டிப்போவார். மற்றப் பிள்ளைகள் கடற்கரைக்குப் போனார்கள். அவள் பஸ் நிறுத்தங்களுக்குப் போனாள். ஜன்னலோர சீட்டில் அவளை உட்காரவைத்து, “அடுத்தது என்ன, சொல்லு பாப்போம்” என்பார். அவள் சொல்வாள். ஒரு காலத்தில் அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

அம்மா எழுந்து அவளைத் தூணோரம் இழுத்துப் போனாள்.

“எதுக்குடி இப்ப இந்த வீம்பு? அவரே போயிட்டார். எந்த வாசல்ல போனா என்ன?”

“எந்த வாசல்னாலும் ஒண்ணுன்னா முன்வாசல்ல போகலாமே.”

“படிச்ச வாய்.” அம்மாவின் குரல் தாழ்ந்தது. “பத்து நாள் கழிச்சு நான் இங்கதான் வேலைக்கு வரணும். நினைப்பிருக்கா?”

மூன்றாம் மாடி உணவுக்கூடத்தில் அம்மா தட்டு கழுவினாள். பன்னிரண்டு வருடம். மகளின் பட்டப்படிப்புக்கு அப்பாவின் சம்பளம் பாதி, அம்மாவின் கை பாதி.

“வராத. நான் பாத்துக்கறேன்.”

“நாலு மாச வேலை உனக்கு. அதுலயும் இன்னும் நிரந்தரம் பண்ணல. நீ பாத்துக்கறியா?”

அம்மா திரும்பிப் போய் மறுபடி விலைச்சீட்டை மடிக்கத் தொடங்கினாள்.

லிஃப்ட் மெக்கானிக் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். ஷெட்டிலிருந்து வந்த மூவரில் மிச்சம் இருப்பவர் இனி அவர் ஒருவர்தான். சட்டையின் வலது தோள் கசங்கி நனைந்திருந்தது. அவள் அவரிடம் போனாள்.

“மாமா, அப்பா மேல கதவுகிட்டதானே நின்னுட்டிருந்தார். கீழ எப்படி வந்தார்?”

“நாங்கதான் பாப்பா தூக்கிட்டு வந்தோம்.”

“எதுக்கு?”

“நெஞ்சைப் புடிச்சிட்டுச் சரிஞ்சார். ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. ஆளுக்கொரு பக்கம் புடிச்சோம். எந்தப் பக்கம் போறதுன்னு யாரும் பேசிக்கவே இல்ல. காலு தானா படிக்கட்டுப் பக்கம் திரும்பிடுச்சு.” அவர் தன் காலைப் பார்த்தார். “எத்தனை வருஷமா போற வழி.”

“கதவு நாலு எட்டுல இருந்துச்சே மாமா. ஒருத்தருக்கும் தோணலையா?”

“புதுசா சேர்ந்த செக்யூரிட்டிப் பொண்ணு கேட்டுச்சு. கதவு இங்க இருக்கே, எங்க தூக்கிட்டுப் போறீங்கன்னு.”

“அப்புறம்?”

மெக்கானிக் கசங்கிய தோளை இழுத்துவிட்டார்.

“ரூட்டண்ணன்தான் சொன்னார். நினைவு இருந்துச்சு அவருக்கு. ‘பின்னாடியே போயிடலாம்பா’ன்னார்.”

“ஆம்புலன்ஸ்?”

“ஆறே நிமிஷத்துல வந்துட்டான். முன்னாடி.”

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையில்லை. முன்வாசலில் நிற்கும் வண்டி பின்வாசலுக்கு வர வேண்டுமென்றால் இடதுபக்கம்தான் திரும்பலாம். மேம்பாலம் ஏறி, ரயில் நிலையம் தாண்டி இறங்கி, பழைய மார்க்கெட் முனையில் வளைந்து, ஒருவழித் தெருவில் திரும்ப வர வேண்டும். பதினோரு நிமிடம். மார்க்கெட் சிக்னலில் மாட்டினால் பதினாலு. இந்தச் சுற்றைச் சொல்லி அப்பா வீட்டில் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார். கட்டடத்துக்குள்ளே நடந்தால் இரண்டு நிமிடம், வண்டியில் வந்தால் ஊரைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்பார்.

ஊரிலேயே அந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்த ஆள் அவர்தான்.

“எங்க போச்சு உசிரு? படியிலயா, இங்கயா?”

“இங்க வந்துதான். கடைசிப் படி இறங்கினதும் என் கையைத் தட்டினார். இறக்கி விடுங்கற மாதிரி.” மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆம்புலன்ஸ் சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் முந்தி. உசிரு இல்லன்னு பாத்துட்டு அவன் போயிட்டான்.”

அவள் படியேறினாள். எண்ணவில்லை, ஆனாலும் மேலே வந்தபோது நாற்பத்திரண்டு என்று தெரிந்தது.

கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நிற்கும் இடத்தில் தரை துடைத்துக் காய்ந்திருந்தது. பக்கத்துச் சுவரில் வளாகம் வளர்ந்த கதை என்று பெரிய பலகை, வருடவாரியாகப் படங்களோடு. ஷெட்டின் படம் இருந்தது, பஸ்களோடு. மேம்பாலம் திறந்த நாள் இருந்தது. அதற்குக் கீழே, பொதுமக்களின் வசதிக்காக முகப்பு மாற்றியமைக்கப்பட்டது என்று ஒரு வரி. அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். படிக்கத் தெரிந்ததால் வந்த வினை.

இரண்டு கையிலும் பையோடு ஒரு பெரியவர் வந்து அவள் முன்னால் நின்றார். “ஏம்மா, ஆஸ்பத்திரி வழியாப் போற பஸ் எங்க நிக்கும்?”

“தெரிஞ்சவர் கீழ இருக்கார்.”

“அப்படியா. வரட்டும், நான் நிக்கறேன்.”

பையைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே நின்றார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அவர் வர நேரமாகும். இருபத்தொண்ணாம் நம்பர் பஸ். எதிர்ப்பக்கம் மூணாவது நிழற்குடை. ரோட்டைத் தாண்டாதீங்க, சுரங்கப் பாதையில போங்க.”

“நல்லா இரும்மா” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடிக் கதவு வழியாகப் போனார். கதவு அவருக்கும் திறந்தது. பின்னால் பலூனோடு போன குழந்தைக்கும் திறந்தது.

அவள் ஃபோன் அடித்தது. அமரர் ஊர்தியின் டிரைவர். “முன்வாசல்ல நிக்கறேன்மா. ஹெல்ப்பர் ஸ்ட்ரெச்சரோட உள்ள வந்துட்டிருக்கான்.” இங்கே வரும் வழியில், பஸ்ஸில் நின்றுகொண்டே, அவள் சொல்லி வைத்த வண்டி அது. மேனேஜரிடம் கேட்டது அதற்குப் பிறகுதான்.

ஹெல்ப்பர் சக்கர ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வாசனைத் திரவியக் கடையைத் தாண்டி வந்தார். நடுவயது, வெற்றிலை போட்ட வாய்.

“யாரும் தடுக்கலையா?” என்றாள்.

“எதுக்குத் தடுக்கறாங்க?” என்றார் அவர்.

மக்கள் லிஃப்ட் சரக்குத் தளத்தில் நிற்காது. சாவி போட்டால்தான் நிற்கும். சாவி வைத்திருக்கும் மெக்கானிக் எப்போது படியேறி வந்தார் என்று அவள் கவனிக்கவில்லை. அவர் லிஃப்ட் பக்கம் நின்று, கையிடுக்கில் வைத்திருந்த மஞ்சள் பலகையை வெளியே எடுத்தார். ‘பழுது நீக்கும் பணி நடக்கிறது’ என்று எழுதியிருந்தது. அதைக் கதவுக்கு முன்னால் நிறுத்தினார். காத்திருந்த நாலு பேரும் முணுமுணுத்துக்கொண்டே நகரும் படிக்கட்டுக்குப் போனார்கள்.

“லிஃப்ட் என் பொறுப்பு. அதுக்கு அப்புறம் எங்கிட்ட எதுவும் கேக்காத பாப்பா. எனக்கு ரிட்டயராக இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு.”

“கேக்கல மாமா.”

கீழே மேனேஜர் திரும்பி வந்திருந்தார். காபிக் கோப்பை எப்படியோ தொலைந்திருந்தது. மக்கள் லிஃப்ட் இந்தத் தளத்தில் திறந்ததை இத்தனை வருடத்தில் அவரும் பார்த்ததில்லை போல. ஒரு நொடி வாய் திறந்தபடி நின்றார்.

“இது நல்லால்லம்மா. எட்டரைன்னு சொன்னேன்ல? சரி, உனக்காக ஒண்ணு பண்றேன். ஒம்பதரைக்குக் கடை மூடினதும் முன்வாசலையே திறந்து விடறேன். ஆளில்லாத நேரத்துல அமைதியாக் கொண்டுபோகலாம். போதுமா?”

அம்மா அவசரமாகத் தலையாட்டினாள். “போதும் சார். நல்லது சார்.”

“ஆளில்லாத நேரத்துல வேணாம்” என்றாள் அவள்.

“உங்கம்மா இங்கதான் வேலை பாக்கறாங்க. நான் மிரட்டறேன்னு நினைக்காத. எனக்கும் மேல ஆள் இருக்கு. கேமராவைப் பாத்துட்டு எங்கிட்ட கேப்பான்.”

“கேட்டா என் பேரைச் சொல்லுங்க.”

“அவன் உன் பேரையா கேக்கப் போறான்?”

ஹெல்ப்பர் ஸ்ட்ரெச்சரைத் தாழ்த்தினார். அவர் தோள்பக்கம் பிடித்தார், அவள் கால்பக்கம். மெக்கானிக் இடுப்புக்குக் கீழே கை கொடுத்தார். அட்டை ஈரமாகி அப்பாவின் முதுகில் ஒட்டியிருந்தது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அப்பா கனமாக இருந்தார். இந்தக் கனத்தை நாற்பத்திரண்டு படி இறக்கியிருக்கிறார்கள்.

“முகத்தை மூடிடும்மா” என்றார் மேனேஜர். சத்தம் இப்போது வெகுவாகக் குறைந்திருந்தது. “அதையாவது செய்.”

அவள் மூடவில்லை.

அம்மா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். வெறும் அட்டையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, மேனேஜரைப் பார்க்காமல் லிஃப்டுக்குள் வந்து ஒரு மூலையில் நின்றாள். கண்ணாடி பதித்த லிஃப்ட். எந்தப் பக்கம் பார்த்தாலும் முகம் தெரிந்ததால் அம்மா தரையைப் பார்த்தாள்.

மேலே கதவு திறந்தபோது பாட்டு மாறியிருந்தது. அவள் முன்னால் இழுத்தாள், ஹெல்ப்பர் பின்னாலிருந்து தள்ளினார். மெக்கானிக் சொன்னபடி லிஃப்டை விட்டு இறங்கவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒருவர் ஒதுங்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர் ஒதுங்கினார். ஒருவன் ஃபோனை உயர்த்தினான். அவள் பார்த்த பார்வையில் இறக்கிக்கொண்டான். “ரூட்டுய்யா அது” என்று செருப்புக்கடையிலிருந்து ஒரு குரல் கேட்டது. “காலையில கூட எனக்கு வழி சொன்னாரே.”

செக்யூரிட்டிப் பெண் கதவருகே நின்றாள். இருபது வயதிருக்கும். வாக்கிடாக்கியில் யாரோ ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வழியிலிருந்த பூந்தொட்டியைக் காலால் நகர்த்தினாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. வெளியே வெயில் இன்னும் இருந்தது. பஸ்கள் வரிசையாக நின்றன. டிரைவர் வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

சக்கரம் வாசல் விளிம்பில் ஒருமுறை இடறி வெளியே இறங்கியது. அம்மா கதவுக்கு உட்புறமே நின்றுவிட்டாள். கதவு மூடப் போனது. அம்மா நிற்பதால் மறுபடி திறந்தது. மறுபடி மூடப் போனது; மறுபடி திறந்தது.

அவள் வண்டியை நோக்கி இழுத்துக்கொண்டே நடந்தாள்.