ஒரு கோன் போதும் என்றேன்

எங்கள் வீட்டில் மிக்சி நின்றாலும் ஃபேன் சுற்றாவிட்டாலும் மாமனார் என்னைத்தான் கூப்பிடுவார். பதினோரு வருடமாக ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறேன். அப்படிக் கூப்பிடுவதில் எனக்கு ஒரு மிதப்பு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதற்கு வேட்டு வைக்க வந்தாள் என் ஓரகத்தி. கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. கணக்கு டீச்சர். மாமனார் பாட்டுக் கேட்கத் தன் கையாலேயே ஒரு ஸ்பீக்கர் செய்யப் போகிறாளாம். ப்ளைவுட்டை அறுத்தாள், ஒட்டினாள், தேய்த்தாள். பெட்டியின் ஒவ்வொரு மூலையும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. "கைவேலைன்னா இதும்மா," என்று மாமனார் என்னிடமே வந்து சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. நான் ஒன்றைச் சரிசெய்தால் "ஆச்சா?" என்று கேட்பதோடு சரி.

ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டாள். "அக்கா, பெட்டி சின்னது. பேஸுக்கு பாசிவ் ரேடியேட்டர்தான் வைக்கணும். ஸ்பீக்கர் ஆறு இஞ்ச். அதே சைஸ்ல ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?"

பாசிவ் ரேடியேட்டர் என்பது காந்தமும் கம்பிச் சுருளும் இல்லாத வெறும் கோன், அதிர்கிற கூம்பு மட்டும். ஸ்பீக்கர் பெட்டிக்குள் தள்ளும் காற்றில் அதுவும் சேர்ந்து ஆடி, பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தத்தைக் கூட்டும். ஸ்பீக்கரைப் போல இரண்டு மடங்கு காற்றைத் தள்ள அதற்குத் தெம்பு வேண்டும். ஆகவே, அதே அளவு என்றால் இரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"ஒண்ணு போதும்மா," என்றேன். வாய் கூசவில்லை.

"சரிக்கா," என்று கிளம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தோம். பாட்டு நன்றாகத்தான் தொடங்கியது. டிரம்ஸ் சேர்ந்ததும் அந்த ஒற்றைக் கோன் தாங்காமல் படபடவென்று அடித்துக்கொண்டது. "என்னம்மா இது, யாரோ கதவத் தட்டுற மாதிரி?" என்றார் மாமனார். கொழுந்தன் சிரித்தே விட்டான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"தப்பு என்னோடதுதான் மாமா," என்றாள் அவள். "ரெண்டு வச்சிருக்கணும். அக்காவ ஒரு வார்த்த கேக்காம அவசரப்பட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். "ஏன் அப்படிச் சொன்ன?"

அலமாரியைத் திறந்து, உறை பிரிக்காத இன்னொரு கோனை எடுத்து வைத்தாள். "என் கணக்குல ரெண்டுன்னுதான் வந்துச்சு. ரெண்டு வாங்கியும் வச்சிருந்தேன். நீங்க ஒண்ணுன்னதும் என் கணக்குதான் தப்புன்னு விட்டுட்டேன். உங்களுக்கும் ஒரு தடவ தவறும்ல? மாமா உங்களத்தான் மலைபோல நம்புறாரு. அவர் முன்னாடி அதச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"தவறல," என்றேன். "தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவள் முகம் சட்டென்று வாடியது. பிறகு அந்தக் கோனை என் கையில் கொடுத்து, "பெட்டியில ரெண்டாவது ஓட்டைய நீங்களே போடுங்கக்கா," என்றாள்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இவளும் என்னைப் போலத்தான் என்று நிம்மதியாகவாவது இருந்திருப்பேன்.