மாற்றுப் பிரதிநிதியின் சாட்சி

எங்கள் கட்சிக் கிளையிலிருந்து தேசிய மாநாட்டுக்கு ஆறு தடவை போனது என் அத்தை ஒருவர்தான். பாட்டில் கம்பெனியில் இருபத்தைந்து வருஷமாக மெஷின் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர். இந்தத் தடவை அவருக்கு மாற்றுப் பிரதிநிதி நான். அத்தைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால்தான் எனக்கு ஓட்டு. இல்லாவிட்டால் மாடி கேலரியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். அதற்கே எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தேர்தலில் யார் நிற்பது என்பதை இனிமேல் தலைமையே முடிவு செய்யும் என்று ஒரு தீர்மானம் வரவிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டு, அதை எதிர்ப்பது என்று கிளையில் முடிவெடுத்திருந்தோம்.

மாநாட்டில், "ஆதரிப்பவர்கள் அட்டையை உயர்த்தவும்" என்று மைக்கில் சொன்னார்கள். கீழே அத்தை, முன் வரிசையிலிருந்த பக்கத்து ஊர் சலூன்காரரைப் பார்த்தார். அவர் தூக்கினார். அத்தையும் தூக்கினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இறக்குங்க" என்று கத்தினேன். தீர்மானம் ஒன்பது ஓட்டில் ஜெயித்தது.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன். "எதுக்குத் தூக்குனீங்கன்னு தெரியுமா அத்தை?"

"எதிர்த்துத்தான். சலூன்காரரு எப்பவும் நம்ம பக்கம்தானே."

"இந்தத் தடவை அவரு தலைமை பக்கம் போயிட்டாரு."

அத்தை என் வாயையே பார்த்தார். இன்னொரு முறை சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

"எத்தனை மாநாடா இப்படிப் பாத்துத் தூக்கறீங்க?" என்றேன்.

"மூணு. மெஷின் காதைத் தின்னுடுச்சு. பக்கத்துல பேசினா வாயைப் பாத்துச் சமாளிச்சுடுவேன். அந்த ஹால்ல யாரு வாயைப் பாக்கறது?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அனுப்புவாங்களா? அங்க மைக்குல என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்கடி."

"உங்களுக்குத்தான் கேக்காதே."

"பக்கத்துல இருக்கறவங்க திரும்பிப் பாப்பாங்கள்ல. அதுல தெரிஞ்சுக்குவேன்." என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். "நாளைக்கு நீ 'பார்த்தேன், சரி'ன்னு மட்டும் சொல்லிடு."

எங்கள் கிளையில் அதுதான் முறை. எப்படி ஓட்டுப் போட்டேன் என்று பிரதிநிதி வாசிக்க வேண்டும். மாற்றுப் பிரதிநிதி எழுந்து அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் கூட்ட மினிட்ஸ் நோட்டில் ஏறும்.

மறுநாள் காலை, தையல் கடை மாடியில் கூட்டம். எல்லாரும் கொதித்துப்போய் இருந்தார்கள்.

"அஞ்சு பேரு மாத்திப் போட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றார் எலெக்ட்ரீஷியன். "அந்த அஞ்சு பேரு கையில கிடைச்சா ஃபியூஸைப் புடுங்கிடுவேன்."

அத்தை வாசித்தார். "கிளை சொன்னபடி எதிர்த்து ஓட்டளித்தேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்தேன். உண்மையைச் சொன்னால், அத்தை இடத்தைப் பிடிக்கத்தான் சொல்கிறேன் என்பார்கள். சொல்லாவிட்டால் அடுத்த மாநாட்டிலும் யார் கையையோ பார்த்துத்தான் எங்கள் கிளையின் நாற்பத்துமூன்று பேர் முடிவு பதிவாகும்.

"பார்த்தேன்" என்றேன். 'சரி' என்று சேர்க்கவில்லை.

"அப்புறம்?" என்றார் கிளைச் செயலாளர். மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர்.

"ஆதரிச்சுத்தான் தூக்குனாங்க."

"அத்தைக்கே குழி பறிக்கறா பாரு" என்றார் எலெக்ட்ரீஷியன்.

அத்தை என் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெதுவாக எழுந்தார். "அவ சொல்றது நிஜம். எனக்குக் காது கேக்கல. முன்னாடி இருந்தவரைப் பாத்துத் தூக்குனேன்."

செயலாளர் நோட்டைப் பார்த்துக் குனிந்தபடி எதையோ கேட்டார். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றாரு?"

வாய் தெரிகிற மாதிரி நேராக நின்றுகொண்டு சொன்னேன். "ஆறு தடவையில எத்தனை தடவை இப்படின்னு கேக்கறாரு அத்தை."

இந்தத் தடவை மட்டும்தான் என்று அத்தை சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தை செயலாளரைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். அவர் பழைய மினிட்ஸ் நோட்டுகளை எடுக்க பீரோவைத் திறந்தார்.