வாசல் தாண்டாத அட்ராக்டா

மேயோ மாவட்டத்துக் கில்டரோன் ஊரில் அட்ராக்டாவின் வீடு பெருந்தொற்று வந்த அந்த வருஷம் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளம்பிப் போனது. அவள் உள்ளே டீக்கு வெந்நீர் வைத்திருந்தாள். எழுபது தாண்டியவர்கள் வாசல்படி இறங்கவே கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. அயர்லாந்தில் அதை மீறாத ஒரே ஆள் உண்டென்றால் அது அவள்தான். குப்பைத் தொட்டியைக்கூடப் பக்கத்துப் பண்ணை ஃபெஸ்டஸ்தான் ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவான். ஆனால் அவள் புருஷன் மாலக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்தில் இருந்தான். சரியானதும் திரும்பிவிடுவதாகத்தான் போனது. அதற்குள் நாடே கதவைச் சாத்திக்கொண்டது. முந்தின நாள் நர்ஸ் போன் பண்ணி, அவருக்கும் தொற்றிவிட்டது, மூச்சு வாங்குகிறது, உங்களைத்தான் கேட்கிறார் என்றாள். விடிந்ததும் அட்ராக்டா கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தாள். கால் எழவில்லை. உத்தரவுக்குப் பயந்தாளா, தன் மூச்சே யாரையாவது கொன்றுவிடும் என்று பயந்தாளா, அவளுக்கே தெரியாது. அவள் நின்றாள், வீடு நடந்தது.

கறவைக்குப் போகும் மாடு மாதிரி அது மெதுவாகத்தான் போனது. அதுதான் அவளை வதைத்தது. ஃபெஸ்டஸ் வேலியோரம் வந்து கத்தினான்.

“ஏம்மா அட்ராக்டா, என் ஆடுங்க மேல ஏறிடப் போகுது உன் வீடு!”

“வாயை மூடிட்டு வழியை விடு, ஃபெஸ்டஸ். மாலக்கிக்கு முடியல.”

அவன் டிராக்டரைக் கொண்டுவந்து தன் கல்சுவரையே இடித்து வழி விட்டான். இந்த ஊரில் ஒருவன் தன் சுவரைத் தானே இடிப்பது வீடு நடப்பதைவிட அபூர்வம்.

பாலத்தருகே போலீஸ் மறித்தது. கார்களை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்த இளம் போலீஸ்காரன் கொலம், முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு ஜன்னலடியில் வந்து நின்றான்.

“எங்கம்மா கிளம்பிட்டீங்க?”

“நான் எங்கடா போறேன்? வீட்டுக்குள்ளதான இருக்கேன்!”

அவன் மேலதிகாரிக்குப் போன் போட்டான். அங்கே யார் யாரையோ கேட்டார்கள். அதற்குள் நர்ஸ் மறுபடி கூப்பிட்டு, சீக்கிரம் ஏதாவது பேசுங்கள், காதில் வைக்கிறேன் என்றாள். அட்ராக்டாவுக்கு “வந்துட்டே இருக்கேன், வந்துட்டே இருக்கேன்” என்பதைத் தவிர வேறு வரவில்லை. கொலம் அதைக் கேட்டான். பதில் வருமுன்பே போனை அணைத்துவிட்டுத் தடுப்பை ஓரமாக இழுத்துப் போட்டான். ஆனால் பாலம் குறுகல். வீடு கொஞ்சம் தயங்கிவிட்டு ஆற்றில் இறங்கியது. அடுக்களையில் முழங்கால் வரை தண்ணீர். வெளிறிய முகத்தோடு அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரையில் கொலம் தொப்பியைக் கழற்றிவிட்டான். நட்டாற்றில் வீடு ஒருமுறை சாய்ந்தது, பிறகு நிமிர்ந்து அக்கரை ஏறியது.

அவள் ஜன்னல் மாலக்கியின் ஜன்னலை ஒட்டி வந்து நின்றது. அவன் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பது இல்லத்தின் சட்டம். அட்ராக்டா தன்னுடையதைத் திறந்தாள். அதைத் தடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. நர்ஸ் அவளைப் பார்த்தாள், மாலக்கியைப் பார்த்தாள், கொக்கியை நீக்கிவிட்டுக் கை கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

“இவ்ளோ தூரம் நடந்தா வந்த?” என்றான் மாலக்கி.

“வீட்டை விட்டு இறங்கவே இல்ல.”

“அதான பார்த்தேன். நான் சொன்னா என்னைக்குக் கேட்ட, அரசாங்கம் சொன்னா கேப்ப.”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்கால டீ வருமுன் அவன் போய்விட்டான்.

அடக்கத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடாது. மற்றவர்கள் ரோட்டின் இருபுறமும் தள்ளித் தள்ளி நின்றார்கள். சவ வண்டி போனது. பின்னாலேயே வீடு போனது. கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே போய் நின்றது, அதன்பிறகு அசையவில்லை. நகராட்சி ஆட்கள் வந்து தண்ணீர்க் குழாயை இழுத்துக் கொடுத்தார்கள். தபால்காரர் விலாசத்தை விசாரிக்காமலே கடிதங்களை அங்கே போடத் தொடங்கினார்.

மே மாதம் கொலம் வந்து தள்ளி நின்றபடி, “உத்தரவைத் தளர்த்திட்டாங்கம்மா. இனிமே ஒரு நடை வெளிய போயிட்டு வரலாம்” என்றான்.

அட்ராக்டா வாசல்படி இறங்கினாள். எதிரே கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு திறந்துதான் கிடந்தது.

“நல்லவேளை, நடக்கற தூரந்தான்” என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தாள்.