டிவி விழுங்கிய மூலை

தண்ணீர் மீட்டர் படிக்கும் வேலையில் முப்பத்தாறு வருடம் இருந்தேன். மீட்டர் காட்டிய எண்ணில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எழுதாத கை இது. அதற்கு ஈடுகட்டத்தான் வாய் இருந்தது. எங்கள் தெருவில் தூறல் விழுந்தால் என் வாயில் அது வெள்ளம். எதிர்வீட்டுப் பூனை என் கதைகளில் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்திருந்தது. அக்கா எனக்கு வைத்த பெயர் அளப்பு. "அளப்பு ஏதாவது சொன்னா பத்துல ஒன்பதைக் கழிச்சிடு. மிச்சம் ஒண்ணையும் அவன் பொண்டாட்டிகிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கோ" என்பாள்.

ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். கைப்பேசியில் படம் அனுப்பும் காலம் அப்போது வந்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் என்றால் மேசையை முழுசாக அடைத்துக்கொண்டு, ரைஸ் மில் மாதிரி இரைந்துகொண்டு, குளிர்காலத்தில் அறையையும் சூடாக்கித் தரும் பொருள். அதை வாங்கிய காரணம் அக்காவின் கல்யாண வீடியோ.

அக்காவின் கல்யாணம் அதற்கு இருபத்திரண்டு வருடம் முன்னால், பதிவு அலுவலகத்து மாடியில் நடந்தது. அத்தானை அவளாகத்தான் தேர்ந்தெடுத்தாள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுகிற வேலை. "அன்னைக்கு எனக்கு டூட்டி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட முன்னால் நின்றேன். கையெழுத்து முடிந்தது. டீ குடித்தோம். சாயங்காலமே இருவரும் விமானம் ஏறவேண்டும். காரில் போகும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா வந்தாருக்கா. பின்னாடி கதவுகிட்ட நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு. நான் பாத்தேன்" என்றேன்.

பச்சைப் பொய். கதவு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு, "உனக்குப் பின்மண்டையில கண்ணு எப்போடா முளைச்சுது?" என்றாள். அத்தோடு பேச்சு நின்றது. அவள் வெளிநாடு போய் நாலு வருடத்தில் அப்பா இறந்தார். அவள் வரவில்லை. "என் கல்யாணத்துக்கு அவர் வரலை" என்று தொலைபேசியில் சொன்னாள். அதன்பிறகும் இந்த வீட்டுப் பக்கம் அவள் காலெடுத்து வைக்கவில்லை. நானும் விடாமல், வருடத்துக்கு ஒருமுறையாவது, "அப்பா வந்தாருக்கா" என்று அந்தப் பொய்க்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தேன். முதல் வருடம் கதவருகே நின்றார். ஐந்தாவது வருடம் கைக்குட்டையால் முகம் துடைத்தார். பத்தாவது வருடம், நான் கொஞ்சம் ஓவராகப் போய், அவரை விம்மவே வைத்துவிட்டேன்.

கல்யாண வீடியோ கேசட் எங்களிடமே தங்கிவிட்டது. பிறகு ஒரு கடையில் கொடுத்து இரண்டு டிவிடியாக மாற்றி, ஒன்றை அத்தானின் பிறந்தநாளுக்கு அனுப்பினேன். அங்கே ஓடவில்லை. அவர்கள் டிவியில் படம் கறுப்பு வெள்ளையாகி, கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருந்ததாம். "உன் அத்தான் கழுத்தையும் சேர்த்து உருட்டிப் பார்த்துட்டாருடா" என்றாள் அக்கா.

விஷயம் இதுதான். எங்கள் நாட்டு டிவி ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம் காட்டும். அக்கா நாட்டு டிவிக்கு முப்பது வேண்டும். எங்கள் படத்தில் மேலிருந்து கீழே ஐந்நூற்று எழுபத்தாறு கோடு. அங்கே நானூற்று எண்பதுதான் கொள்ளும். ஆக, நொடிக்கு ஐந்து படத்தைப் புதிதாக உண்டாக்க வேண்டும், தொண்ணூற்றாறு கோட்டை எங்காவது ஒளித்துவைக்க வேண்டும். இல்லாததை உண்டாக்குவது எனக்குக் கைவந்த கலை. கடைக்காரர் இதற்கு ஒரு மாதம் ஆகும் என்றார். "நானே பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முதல் நாள் காலை, டிவிடியை உள்ளே தள்ளி, கம்ப்யூட்டர் திரையில் படத்தைத் திறந்தேன். இந்த வீடியோவை டிவியில் நூறு தடவை பார்த்திருப்பேன். (மனைவி கணக்கில் ஏழு தடவை.) வீடியோக்காரர் ஒரு மேசைமேல் ஏறி நின்று, மேலிருந்து கூடம் முழுவதையும் பிடித்திருந்தார். அக்கா குனிந்து கையெழுத்துப் போடுகிறாள். பக்கத்தில் நான் நிற்கிறேன். படத்தின் மேல் இடதுமூலையில் ஒரு கதவு இருந்தது; டிவியில் அதன் கீழ்ப்பாதியும் தலை தெரியாத யாரோ ஒருவரும்தான் ஓரமாகத் தெரிவார்கள், நான் கண்டுகொண்டதே இல்லை.

கதவில் அப்பா நின்றார்.

டெப்போ சட்டை. தோளில் டூட்டிப் பை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அக்காவையே பார்க்கிறார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். திரும்பவும் அக்காவை. பிறகு இல்லை. எண்ணிப் பார்த்தேன், பதினொரு நொடி. இந்த எண்ணில் ஒன்றைக்கூட நான் கூட்டவில்லை.

என் வாய் அடைத்துப்போனது அன்றைக்குத்தான். மனைவி சமையலறையிலிருந்து வந்து, "என்னங்க, சத்தத்தையே காணோம், உடம்பு சரியில்லையா?" என்றாள். திரையைக் காட்டினேன். அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"மாமாதான்" என்றாள். "அப்போ நீங்க சொன்னது நிஜமா?"

"பொய்."

"அவர் நிக்கிறாரே."

"அவர் நிக்கிறது நிஜம். நான் சொன்னது பொய்."

அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். சந்தோஷத்தில் முன்னே பின்னே யோசிக்காமல், "அக்கா, அப்பா நிஜமாவே வந்திருக்காருக்கா. இத்தனை வருஷமா நான் சொன்னது சும்மா. இப்போ சொல்றதுதான் நிஜம்" என்று கொட்டிவிட்டேன்.



"அப்போ இருபத்திரண்டு வருஷமா பொய் சொல்லியிருக்கே" என்றாள்.

"ஆமாக்கா. ஆனா இப்போ..."

"எனக்கு மனசுக்குள்ள ஒரு ஓரமா சின்னதா ஒண்ணு இருந்துச்சுடா. ஒருவேளை இவன் பாத்திருப்பானோன்னு. அதையும் இன்னைக்கு எடுத்துட்டே." போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் நான் போனையே சுற்றிச் சுற்றி வந்தேன். மனைவி ஒரு வழி சொன்னாள்: அந்தக் காட்சியை மட்டும் போட்டோவாக அச்செடுத்து அனுப்பினால் என்ன? அத்தானிடம் கேட்டேன். அவர் அக்காவிடம் கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வராத அன்னைக்கு எடுத்த பள்ளிக்கூட குரூப் போட்டோவுல உங்க தலையை வெட்டி ஒட்டினீங்களாமே. போட்டோன்னா நம்பமாட்டேங்கிறா. நடமாடணுமாம்."

நடமாடும் அப்பாவைத்தான் அனுப்பவேண்டும். வேறு வழியில்லை.

தொண்ணூற்றாறு கோட்டைக் குறைக்க இரண்டு வழி இருந்தது. படத்தை அமுக்கிச் சின்னதாக்கலாம். இல்லையென்றால் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் நறுக்கலாம். முதலில் அமுக்கித்தான் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையில் எல்லாரும் நசுங்கி, தவலைக்குக் கைகால் முளைத்தது போல் தெரிந்தார்கள். மனைவி அந்தக் கல்யாணத்தில் முன்வரிசையில் இருபத்தாறு வயதில் நின்றிருந்தாள்.

"இதை வெளிநாட்டுக்கு அனுப்பப் போறீங்களா?"

"டிவியில போட்டா சரியாயிடும்னு இதுல எழுதியிருக்கு."

"எழுதியிருக்கும். உங்க அக்கா பாத்துட்டு, 'கல்யாணத்தப்பவே இவ இப்படித்தானா'ன்னு கேட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

அமுக்குவதை விட்டுவிட்டு நறுக்கினேன். மனைவி ஒல்லியானாள். கம்ப்யூட்டர் பதினாலு மணி நேரம் இரைந்தது. அது இரைந்த இரைச்சலில் மூன்றாவது வீட்டுக்காரர் தன் வீட்டு மோட்டார் ஓடுகிறது என்று நினைத்து நாலு முறை மாடி ஏறி இறங்கினார். புது டிவிடியைத் தபாலில் போட்டோம். பன்னிரண்டு நாளில் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவே கூப்பிட்டாள்.

"ஓடுதுடா. நல்லா ஓடுது. கலரா இருக்கு."

"அப்பாவைப் பாத்தியா?"

"ஒரு கால்சட்டையைப் பாத்தேன். அதுக்கு மேல கொஞ்சம் சட்டை. அதுக்கு மேல ஒண்ணுமில்லை. தலையில்லாத ஆளைக் காட்டி அப்பாங்கிறியே, உனக்கே இது நியாயமா இருக்கா?"

மேலே நறுக்கிய நாற்பத்தெட்டுக் கோட்டில் அப்பாவின் தலை போயிருந்தது. மனைவியின் இடுப்புக்கு நான் கொடுத்த விலை. "நான் என்ன, மாமா தலையையா வெட்டச் சொன்னேன்?" என்றாள் அவள். அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் அழுத்தமாகவே வைக்கப்பட்டன.

இரண்டாவது டிவிடியில் நறுக்கவே இல்லை. யார் எப்படி நசுங்கினாலும் சரி என்று அமுக்கினேன். கம்ப்யூட்டரில் தலை முழுசாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, இரண்டு நாட்டுக் கணக்கையும் ஓட்டத் தெரிந்த எங்கள் வீட்டு டிவியிலும் போட்டுப் பார்த்தேன். மனைவி நசுங்கவில்லை, அளவாகத்தான் இருந்தாள். ஆனால் அப்பாவின் மோவாய்க்கு மேலே மறுபடியும் ஒன்றுமில்லை.

டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். எங்கள் தெருவின் எல்லா டிவியின் வயிற்றையும் திறந்து பார்த்தவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எல்லா டிவியும் அப்படித்தான் சார். படத்தை முழுசாக் காட்டாது. நாலு பக்கமும் ஓரத்தைக் கொஞ்சம் முழுங்கிடும், சட்டத்துக்குப் பின்னாடி. கம்ப்யூட்டர்தான் ஓரம் வரைக்கும் காட்டும்."

"இருபத்திரண்டு வருஷமா முழுங்கிச்சா?"

"டிவி என்ன சார் பண்ணும்? உங்க அப்பா நடுவுல வந்து நின்னிருக்கலாம்ல."

நியாயமான கேள்விதான். அவரை எப்படி நடுவுக்குக் கொண்டுவருவது என்று கேட்டேன். மெக்கானிக் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "போட்டோவுக்குச் சட்டம் போடுவீங்கள்ல, அதுமாதிரி படத்தைச் சின்னதாக்கி, சுத்தி நாலு பக்கமும் கறுப்பு விட்டுடுங்க. டிவி பசியெடுத்து ஓரத்தைத் தின்னா கறுப்பைத்தான் தின்னும்."

அந்த மனிதருக்கு நான் ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். பிஸ்கட்தான் வைத்தேன்.

மூன்றாவது டிவிடி மறுபடியும் பதினாலு மணி நேரம். எங்கள் வீட்டு டிவியில் போட்டேன். மேல் மூலையில் கதவு, கதவில் அப்பா, தலையோடு. மனைவி டிவிக்கு முன்னால் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பெரியவர் எதிரே நிற்கும் பழக்கம். தபாலில் போட்டுவிட்டுப் பன்னிரண்டு நாளும் தபால்காரரை நினைத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் தபால்காரரை இல்லை, அந்த ஊர்த் தபால்காரரை.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. அத்தான் பேசினார்.

"மாப்பிள்ளை, போட்டாச்சு. அக்கா உக்காந்திருக்கா. எந்த இடம்னு சொல்லுங்க."

"அக்கா பேனாவை வாங்கும்போது, மேல இடதுபக்கம் பாருங்க."

வீடியோவின் சத்தம் போனில் கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ இருமுவது. அது இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய என் இருமல். பிறகு அக்கா "நிறுத்துங்க" என்றாள். பிறகு "முதல்லேருந்து போடுங்க". பிறகு மறுபடியும் "நிறுத்துங்க". இப்படி எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. எண்ணினாலும் சொல்லமாட்டேன்.

போனை அவள் வாங்கினாள்.

"எளைச்சிருக்காருடா."

"ஆமாக்கா."

"டூட்டி சட்டையோட வந்திருக்காரு. அந்தக் கூடத்துச் சுவர்ல கடிகாரம் தெரியுது. பதினொண்ணே கால்."

"ம்."

"பதினொண்ணே காலுக்கு டூட்டியில இருக்கவேண்டிய ஆளு. நமக்கு அம்மை போட்டிருந்தப்பகூட இந்த மனுஷன் சீட்டை விட்டு எழுந்ததில்லையே." வீடியோவை மறுபடியும் ஓடவிடும் சத்தம் கேட்டது. "உள்ள வந்திருக்கலாம். நாலு எட்டு. நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்."

தெரியாத இடத்தில் எதையாவது சேர்த்துச் சொல்வதுதான் என் பழக்கம். அன்றைக்குச் சேர்க்கவில்லை.

"அளப்பு, இருக்கியா?"

"இருக்கேன்."

"அந்தப் பத்தாவது வருஷம் விம்மினாருன்னியே. விம்மவெல்லாம் இல்லை. வாட்ச்சைத்தான் பாக்கிறாரு."

"ஆமாக்கா."

"இதுவே போதும்டா. இதுதான் அவரு." மூக்கை உறிஞ்சினாள். "ஏண்டா, அவர் ரூம் இன்னும் இருக்கா?"

"இருக்கு. இப்போ கம்ப்யூட்டரை அங்கதான் வச்சிருக்கேன்."

"அதைத் தூக்கி வெளிய வை. நாங்க அடுத்த மாசமே வர்றோம். நான் அங்கதான் படுப்பேன். உன் அத்தான் கூடத்துல படுக்கட்டும், அவருக்குக் குறட்டை."

பின்னால் அத்தான் ஏதோ ஆட்சேபித்தார். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கிறதா, மின்விசிறி இன்னும் அதே கடகட சத்தம்தானா, கட்டில் அப்பாவுடையதுதானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கொசுவலையில் இரண்டு ஓட்டை. மின்விசிறி கடகட. கட்டில் அவருடையதுதான், ஒரு கால் மட்டும் மாற்றியிருக்கிறது.

போனை வைத்ததும் மனைவியும் நானும் அந்த அறைக்குள் போனோம். நான் மானிட்டரைத் தூக்கினேன். அவள் பின்னாலேயே ஒயரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து, கதவு இடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.