மகாராணியின் இறகு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் பாலாகப் பரவியிருந்தது. அதன் நடுவே ஆளுயரத் தொட்டி ஒன்று மெல்ல முனகிக்கொண்டு, தன்னுள் இருந்த இளஞ்சிவப்பு நீரைக் கலக்கிக்கொண்டிருந்தது. நீர் ஒரு கோழியின் உடம்புச் சூட்டில் இருந்தது. கோழி மட்டும் அதில் இல்லை. அது வெளியே முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அதன் பெயர் மகாராணி. நடை அப்படி. பெயர் வைத்தவர் முற்றத்தையும் அதிலுள்ள கோழிகளையும் பார்த்துக்கொள்பவர். உள்ளே தொட்டியைப் பார்த்துக்கொள்பவள் அவர் மனைவி. கூட வேலை செய்பவர்களுக்கு அவள் தொட்டியம்மா.

வீட்டில் அவர்கள் அடுப்பில் எப்போதும் இரண்டு சட்டி. அவளுக்குக் கறி இல்லாமல் சாப்பாடு இறங்காது. அவரோ, முன்பு ஒரு பெரிய பண்ணையில் கோழிகளைக் கூண்டில் அடைத்து லாரியில் ஏற்றியவர். அந்த வேலையை விட்ட நாளிலிருந்து கறியைத் தொட்டதில்லை. அவள் சாப்பிடும்போது ஒன்றும் சொல்ல மாட்டார். தன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவார். அந்தக் கொஞ்ச தூரம்தான் அவளுக்குத் தொண்டையில் சிக்கும்.

இன்று, தொட்டியில் வளர்த்த கறியை முதன்முதலாக ருசி பார்க்கும் நாள். ஆளுக்கு ஒருவரை வீட்டிலிருந்து அழைத்து வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் முற்றத்திலிருந்தவரையே அழைத்தாள்.

"யாரும் சாகாத கறிங்க. இதையாவது என் எதிர்ல உக்காந்து சாப்பிடுவீங்களா?" என்று காலையில் கேட்டிருந்தாள்.

"பாக்கலாம்" என்றார். அவர் வாயில் அது பாதிச் சம்மதம்.

நேராகச் சமையலறைக்குப் போயிருக்கலாம். ஆனால் விளக்காமல் விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அவரைக் கண்ணாடியருகே நிறுத்திக்கொண்டாள்.

"மகாராணியோட இறகு ஒண்ணு எடுத்தோமே, அதோட அடிக்குருத்துல உயிரோட செல்லுங்க இருக்கும். அதைச் சர்க்கரையும் உப்பும் சத்தும் கலந்த இந்தத் தண்ணியில விட்டா, ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். உடம்புக்குள்ளதான் இருக்கோம்னு அதுங்க நெனச்சுக்கும்."

"எல்லாருமா சேந்து அதுங்களை ஏமாத்துறீங்க" என்றார்.

"தாலாட்டுறோம்னு வெச்சுக்கங்களேன். போதுமான அளவு பெருகினதும் சத்தை மாத்தினா, தசையா மாற ஆரம்பிக்கும். அப்புறம் அந்தத் தட்டுல படுக்க வைப்போம். வரப்பு மாதிரி கோடு கோடா இருக்கு பாருங்க. அந்தக் கோட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இழையா நீளும். ரெண்டு முனையையும் கட்டிட்டா இழுத்து இழுத்துத் திரளும். ஆனா இதுல ரத்தக்குழாய் கிடையாது. தடிமனா வளர்ந்தா நடுவுல இருக்கறது பட்டினி கிடந்து செத்துடும். அதான் ரிப்பன் மாதிரி மெல்லிசு. ஊருக்கே போடணும்னா இதைத்தான் முதல்ல தாண்டணும்."

அவர் குனிந்து பார்த்தார். தட்டில் கிடந்த வெளிறிய இழை ஒன்று லேசாகச் சுருங்கியது. விட்டது. மறுபடி சுருங்கியது. தூக்கத்தில் இருப்பவரின் விரல் போல.

அதைக் காட்டத்தான் அவள் அவரை நிறுத்தியிருந்தாள். அவளுக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த காட்சி அது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், காட்டியிருக்கக் கூடாது என்று உறைத்தது.

"யாரும் சாகாத கறின்னு சொன்னியே. அப்ப அசையறது யாரு?"

"யாருமில்லைங்க. நரம்பு கிடையாது, மூளை கிடையாது, வலி தெரியாது. நேத்து உங்க இமை துடிச்சுதே, நீங்களா துடிக்க வெச்சீங்க?"

"இமை என்னோடது. இது யாரோடது?"

"வாங்க, ஆறிடும்" என்று அவள் சமையலறைப் பக்கம் நடந்தாள்.

சமையலறையின் கதவு முற்றத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. அவர்கள் பங்கு ஒரு சின்னத் தட்டில் இருந்தது. எண்ணெயில் லேசாகச் சிவந்த இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டார். வீட்டில் போல ஜன்னலோரம் போகிறாரோ என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

"எங்க போறீங்க?"

"உனக்குத் தெரியலேன்னா, உரியவங்களைத்தான் கேக்கணும்."

ஒரு துண்டை ஊதி ஆற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மகாராணி சபைக்கு வருவது போல வந்தது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மறு கண்ணால். கொத்தி எடுத்து, இரண்டு உதறு உதறி, விழுங்கிவிட்டு, அலகை அவர் வேட்டியில் துடைத்துக்கொண்டது.

முற்றத்தில் வெயில் அசையாமல் நின்றது. தொட்டியின் முனகல் எங்கோ தூரத்திலிருந்து வருவது போலக் கேட்டது. கோழி கொத்தினால் அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை, அது கல்லைக்கூடக் கொத்தும் என்ற விளக்கம் அவள் நாக்கு நுனி வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம்கூட யோசிக்கலையே இவ" என்றார் அவர். உள்ளே வந்து அவள் எதிரே உட்கார்ந்து, மிச்சத் துண்டை இரண்டாகப் பிய்த்தார். அது இழை இழையாகப் பிரிந்தது. ஒன்றை அவள் பக்கம் தள்ளிவிட்டு, மற்றதை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

மெல்லவில்லை. அப்படியே வைத்திருந்தார்.

"என்னங்க?"

"பேசாத. துடிக்குதான்னு பாக்கறேன்."

அவளும் தன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் தாடை மெதுவாக அசைந்தது. பிறகு அவளுடையதும்.